வேப்பமரத்தடி டைனோசர்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கி என்று நினைக்கிறவர்கள் ஒரு வகை. துண்டு மாட்டும் கொக்கி என்று நினைக்கிற டைனோசர் அக்கா இன்னொரு வகை. இரண்டாவது வகையில் அவரைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. தேவையும் இல்லை, அக்கா ஒருவரே போதும்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து, வீடு தேடி வெயிலில் அலைந்துகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார். "மாடி போர்ஷன் ஒண்ணு காலியா கெடக்குது சார். டைனோசர் வூடுன்னு கேளுங்க, யாரு வேணாலும் காட்டுவாங்க." ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டு போனேன். கேட்டின் மேல் கூர்க்கம்பிகள் இருக்கவேண்டிய இடத்தில், பித்தளை நிறப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் டைனோசர்கள் வரிசையாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்டைத் திறக்கத் தாழ்ப்பாளைத் தேடினேன். ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "பயப்படாம வாயில கையை வுடுங்க தம்பி. கடிக்காது. உள்ள ஒரு கொக்கி இருக்கும், இழுங்க."

இழுத்தேன். கேட் திறந்தது. இப்படித்தான் அக்காவின் அறிமுகம்.

அக்காவுக்கு மூலப்பொருள் கிடைக்கும் இடம் மூன்று. பழைய இரும்புக் கடை ஒன்று. குழந்தை வளர்ந்துவிட்ட வீடுகள் இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய அறுவடை, தை மாதம் பெண்ணையாற்றில் நடக்கும் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் ஆற்றுக்கு வந்து தீர்த்தவாரி முடித்துத் திரும்பும். ஊரே அன்றைக்குச் சுருளிக் கிழங்கும் பொம்மையும் வாங்கும். வாங்கிய பொம்மைகளில் பாதி, வீடு போய்ச் சேர்வதற்குள் காலோ வாலோ போய் மணலில் கிடக்கும். எல்லாரும் திருவிழாவுக்குப் போவார்கள். அக்கா மட்டும் மறுநாள் காலையில் சாக்கோடு போவார். மூன்று கால் குதிரையும் காதில்லாத யானையும் அவர் கைக்குக் கிடைத்தால், எனக்குச் சம்பள உயர்வு வந்தால்கூட வராத முகமலர்ச்சி அவருக்கு வரும்.

அந்த வீட்டில் எதுவும் அதுவாக இருக்காது. கோலப்பொடி டப்பாவுக்கு வாத்து மூடி. மாடிப்படி சுவிட்சைச் சுற்றிக் குரங்குக் கூட்டம். குளியலறையில் துண்டு மாட்டக் குதிரையின் பின்பாகம். குதிரையின் முன்பாகம் எங்கே என்று கேட்டேன். "சாமி ரூம்ல திரைச்சீலை புடிச்சிக்கிட்டு இருக்குது" என்றார். வீணாக்குவது என்பது அவரிடம் கிடையாது.

ஆனால் சமையலறையைப் பார்த்தவர்கள்தான் அக்காவின் மூளையை முழுதாகப் பார்த்தவர்கள். டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. மூடியின் மேல் ஒட்டிய மிருகம்தான் அடையாளம். மிளகாய்த்தூளுக்குப் புலி, உப்புக்குச் சுறா. அரிசி டிரம்முக்கு யானை. சர்க்கரைக்குக் கரடி.

"கடுகுக்கு ஏன்க்கா குரங்கு?"

"எண்ணெயில போட்டா குதிக்குதா இல்லியா?"

இதற்கு மேல் எந்த ஆராய்ச்சியாளரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்தக் காட்டில் மனித வாழ்க்கை வாழ முயன்றுகொண்டிருந்தவர் அக்காவின் கணவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். படித்த பேப்பரை, கடையில் வாங்கியபோது இருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து வைக்கிற மனிதர். அவருக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அதை அவர் வேறு யார் பக்கமும் திருப்ப விடமாட்டார். ஃபேனுக்கு எதிரில் நாற்காலி, நாற்காலியில் மாமா, மாமாவின் கையில் பேப்பர். மற்ற இடமெல்லாம் மிருகங்களுடையது.

"என் மூக்குக் கண்ணாடியை ஒரு கொரில்லா மூக்குலேர்ந்து கழட்டிப் போட்டுக்கறேன் தம்பி" என்று என்னிடம் புலம்புவார். "நானும் நாப்பது வருசம் வேலை பாத்தவன். இந்தக் கதி யாருக்காவது வருமா?"

"கீழ வெச்சி ஒடைக்கிறீங்களேன்னுதானே ஸ்டாண்டு பண்ணிக் குடுத்தேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

முன்னறை முழுக்க உடைந்த பொம்மைச் சாக்குகள். மாமாவுக்கு அந்த அறை வேண்டும். ஒரு கட்டில் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மனுசன்போல மதியம் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நியாயம் அவர் பக்கம், சாக்குகள் அக்கா பக்கம் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து அந்த ஆர்டர் வந்தது.

அக்காவின் தங்கை சிதம்பரத்தில் இருக்கிறார். தங்கையின் பேத்திக்குத் தடுப்பூசி போட, மேலவீதிப் பக்கம் ஒரு குழந்தை டாக்டரம்மாவிடம் அக்காவும் கூடப் போயிருக்கிறார். காத்திருக்கும் ஹாலில் ஒரு குழந்தை அழுதால் மற்றதெல்லாம் சேர்ந்து அழும், தெரிந்ததுதானே. அக்கா தன் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டியிருக்கிறார். சாவிக்கொத்து என்றால் சாதாரணமானதா? ஒரு ஆக்டோபஸ், ஒவ்வொரு கையிலும் ஒரு சாவி. ஹாலே கப்சிப். வெளியே எட்டிப் பார்த்த டாக்டரம்மா, "இது எங்க வாங்குனீங்கம்மா?" என்று கேட்க, அக்கா "நான் செஞ்சது" என்று சொல்ல, புதிதாகக் கட்டியிருக்கும் ஹாலுக்குப் பெரிதாக ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டார்.

அக்கா அன்று சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்தாரா பறந்து வந்தாரா என்று தெரியவில்லை. "மரம் தம்பி! ஆளுயர மரம்! கிளை பூரா மிருகம்!"

மாமா பேப்பரை மடித்து வைத்தார். "இந்தா, ஒரு பேச்சு பேசிக்கலாம். அந்த டாக்டரம்மா இதை நல்லாருக்குதுன்னு வாங்கி வெச்சிக்கிட்டா, முன்ரூம் ஆயுசுக்கும் உன்னுது. நான் வாயத் தெறக்க மாட்டேன். வேணாம்னுட்டாங்கன்னா அத்தினி சாக்கும் குப்பை வண்டிக்கு. நீயும் வாயத் தெறக்கக் கூடாது."

"சரி" என்றார் அக்கா.

மரம் வளர்ந்தது. பி.வி.சி. பைப்பில் தேங்காய்க் கயிறு சுற்றி அடிமரம். வளைத்த பைப்புகள் கிளைகள். கிளைகளில் அக்கா பல வருடம் சேர்த்து வைத்திருந்ததில் பொறுக்கியெடுத்த மிருகங்கள். உடைந்த காலெல்லாம் இலைக்குள் மறைந்துவிட, எல்லாம் முழு மிருகங்களாகிவிட்டன. சாயாமல் நிற்க அடியில் கனமாக ஒன்று வேண்டும். துணிக்கடை வாசலில் குழந்தைகள் ஏறி ஆடும் பெரிய பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று, கழுத்து உடைந்து இரும்புக் கடைக்கு வந்திருந்தது. அதைத் தூக்கி வந்து, மிச்சக் கழுத்தையும் வாலையும் அறுத்து, வயிற்றில் ஆற்று மணலை ரொப்பி, முதுகில் மரத்தைச் செருக ஒரு ஓட்டை போட்டார். பாறைபோலச் சொரசொரப்பாகத் தெரியவேண்டும் என்று பசையில் மணலைக் குழைத்து மேலே பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்தார்.

பெயின்ட் நாற்றம் மாமாவுக்கு ஆகாது. மாடியில் வடாம் காய்கிறது. எனவே வியாழக்கிழமை சாயந்திரம் நானும் அக்காவும் அதைத் தூக்கிக்கொண்டு போய், தெருமுனை வேப்பமரத்தடியில் காய வைத்தோம். தலையில்லை, வாலில்லை. குந்தியிருக்கும் கறுப்பு உருவம், முதுகில் ஒரு குழி. இதில் எங்கள் இருவருக்கும் எந்த வம்பும் தெரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

காலையில் அக்கா போய்ப் பார்த்தபோது டைனோசருக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, முதுகுக் குழியில் அரளிப்பூ செருகியிருந்தது. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். அக்கா திகைத்து நிற்கும்போதே ஓர் ஆட்டோ வந்து நின்று, டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் குங்குமம் வைத்தவர் தெருவில் பூ விற்கும் பூக்காரம்மா. அக்கா அவரிடம் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயோ, அது சாமி இல்ல! என்னோட டைனோசரு!"

பூக்காரம்மா நிதானமாகப் பூவைக் கட்டிக்கொண்டே, "டைனோசர்னா எனக்குத் தெரியாதா? எம் பேரப்புள்ளை டிவியில அதைத்தானே பாக்குது. அதுக்கு நீட்டமா தலை இருக்கும், வாலு இருக்கும். இதுக்கு எங்க?"

"நான்தான் அறுத்தேன்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமி தலைய அறுத்தேன்னு சொல்லாத. கன்னத்துல போட்டுக்க."

அக்கா சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கேயே எங்கள் கட்சி பாதி தோற்றுவிட்டது.

"புதன்கெழமை இல்ல, வெள்ளிக்கெழமை இருக்குது. அப்ப தானா வந்ததுதானே?" என்று பூக்காரம்மா அடுத்த கணையை விட்டார். "பூ வைக்க முதுகுல எடங்கூட வுட்டு வந்திருக்குது. எம் மூட்டுவலிக்கு வேண்டிக்கிட்டேன். கார்த்தால வேண்டினேன், இப்ப பாரு, சம்மணம் போட்டு உக்காந்திருக்கேன்."

உண்மையிலேயே சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரத்துக்குள் மஞ்சள் துணி கட்டியாகிவிட்டது. இரண்டு அகல் விளக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் மரம் நிற்க வேண்டும். டைனோசரோ பக்தர்கள் நடுவில் இருக்கிறது. தெருவே கூடிப் பேசியது. எடுத்தால் தெருவுக்கு ஆகாது என்றார்கள் சிலர். பாவம், அந்தம்மா கஷ்டப்பட்டுச் செய்தது என்றார்கள் சிலர். கடைசியில் பூக்காரம்மாவே வழி சொன்னார். "சாமியையே கேட்டுடலாம். பூ போட்டுப் பாப்போம். வெள்ளை வந்தா கௌம்புறேன்னு அர்த்தம். செவப்பு வந்தா இங்கியே இருக்கேன்னு அர்த்தம்."

ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொரு தாளில் சிவப்புப் பூ. மடித்துக் குலுக்கி, டைனோசரின் முன்னால் போட்டார்கள். யார் எடுப்பது? "மாடி வூட்டுத் தம்பி எடுக்கட்டும். வாடகைக்கு இருக்குறவரு, எந்தக் கட்சியும் இல்லாதவரு" என்று என்னைத் தள்ளிவிட்டார்கள்.

நான் திரும்பி அக்காவைப் பார்த்தேன். கண்ணை மூடிக் கைகூப்பி, தன் கையால் அறுத்து மணல் ரொப்பிய டைனோசரிடம், தன்னோடு வந்துவிடும்படி உருகி உருகி வேண்டிக்கொண்டிருந்தார்.

எடுத்தேன். சிவப்பு.

தெரு குலவை போட்டது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. "விடுங்கக்கா, இதெல்லாம் சும்மா. நம்ம பொருளை நாம எடுக்க யாரைக் கேக்கணும்?" என்று காதில் சொன்னேன்.

"அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. கேட்டாச்சி, பதில் வந்தாச்சி."

"அறுத்தது நீங்க. பெயின்ட் அடிச்சது நீங்க. நான் கூடத் தூக்கினேனேக்கா!"

"அதெல்லாம் நேத்து" என்றார் அக்கா.

போவதற்கு முன் திரும்பி நின்று, எல்லாரையும் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார். "கிட்டக்கக் கற்பூரம் மட்டும் கொளுத்தாதீங்க. சாமி உருகிடும்."

"வேண்டுறவங்களுக்கு உருகாத சாமி என்னாத்துக்கு?" என்றார் பூக்காரம்மா. கற்பூரத்தை மட்டும் அவரே தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலக் காபிக்குக் கீழே இறங்கினேன். மரம் சுவரில் சாய்ந்து கிடந்தது. அக்கா முன்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாக்காகக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டிலிருந்த டைனோசர்களைக் கழற்றியாகிவிட்டது. சமையலறை மூடிகளிலிருந்து மிருகங்களைப் பெயர்த்தாகிவிட்டது. "நிக்காத மரத்தை யாரு தம்பி வாங்குவா? அவரு சொன்னாரு, நான் ஒத்துக்கிட்டேன். குப்பை வண்டி வர நேரமாச்சி" என்றார். அழவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அக்கா சிரிக்காத முகத்தை நான் பார்த்ததே இல்லை.

மாமாவுக்கு இது வெற்றி விழாவாக இருந்திருக்க வேண்டும். அவரே எழுந்து காபி போடப் போனார். கொஞ்ச நேரம் டப்பாக்கள் உருளும் சத்தம். பிறகு அதட்டல். "கரடி எங்க?"

அக்கா அடுத்த சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"சர்க்கரை எதுல இருக்குது? எல்லாம் மொட்டையா இருக்குது! கரடியை எங்க வெச்சே?"

ஏதோ ஒரு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டு, ஒரு வாய் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானே சொல்லிவிட்டேன். "அது சுறா மாமா."

டம்ளரை வைத்துவிட்டு முன்னறை வாசலில் வந்து நின்றார். கட்டிய சாக்குகளைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். குப்பை வண்டியின் மணி தெரு முனையில் கேட்டது. மாமா விறுவிறுவென்று தன் நாற்காலிப் பக்கம் போனார். ஃபேனின் ஒயரைப் பிடுங்கினார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, ஸ்குரூ டிரைவரால் அடியிலிருக்கும் வட்டமான இரும்புத் தட்டைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றித் தன் மேல்துண்டால் தூசி துடைத்து, அக்காவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல நிக்கும் பாரு. கனம் ஜாஸ்தி."

அக்கா தட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உங்களுக்குக் காத்து?"

"ஃபேனைச் செவுத்துல சாய்ச்சி வெச்சிக்கறேன். இப்ப மொதல்ல கரடியை ஒட்டு."

வாசலில் வந்து நின்ற குப்பை வண்டிக்கு நான் அன்று வெறும் வாழைப்பழத் தோலைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மரத்தோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்து, "இது லக்கேஜா, ஆளா?" என்றார். மாமா ஜன்னலோர சீட்டில் மரத்தை உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்து இடுப்பை வளைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பின் சீட்டு, முன் சீட்டு எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டது. "இந்த வரிக்குதிரை இருக்குதே, இது மூணு காலோட வந்தது. எங்கூட்டம்மா எப்புடி நிக்க வெச்சிருக்கா பாருங்க" என்று வியாக்கியானம் செய்துகொண்டு வந்தார். நேற்றுவரை இதையெல்லாம் குப்பை என்று சொன்னது இவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அக்கா பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, வெளியே பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு, காதை மட்டும் பின்னால் வைத்திருந்தார்.

டாக்டரம்மாவின் ஹாலில் கூட்டம். அழுகைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மரத்தை நடுவில் வைத்தோம். நின்றது. ஆடாமல் நின்றது. டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, ஊசி போட்டுக்கொண்டு வீறிட்டபடி வெளியே வந்த ஒரு பெண் குழந்தை, மரத்தைப் பார்த்ததும் வாயை மூடியது. அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கி, தத்தித் தத்தி நடந்து வந்து, கைக்கு எட்டிய குரங்கைப் பிடித்து ஒரே இழுப்பு. குரங்கு கையோடு வந்துவிட்டது.

"ஐயையோ!" என்றார் மாமா. அக்கா பசை டியூபை எடுக்கப் பைக்குள் கையை விட்டுவிட்டார். குழந்தையின் அம்மா, "குடுத்துடும்மா, குடுத்துடு" என்று கெஞ்ச, குழந்தை குரங்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஊசி போட்ட கையைப் பற்றி மறந்தே போய், சிரித்தது.

டாக்டரம்மா அக்காவின் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஒட்டாதீங்கம்மா. அது எடுத்துட்டுப் போகட்டும். ஊசி போட்டுக்குற புள்ளைங்க எல்லாம் ஆளுக்கு ஒண்ணு பறிச்சிக்கிட்டுப் போகட்டுமே! ஆனா மரம் மொட்டையாயிடும். மாசா மாசம் வந்து நீங்க திரும்ப ரொப்பணும். முடியுமா? அவ்வளவு பொம்மைக்கு எங்க போவீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாமா சொன்னார். "முன்ரூம் பூரா இருக்குது டாக்டர்."

சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்து, "நீ என்னா, எல்லாத்தையும் இப்புடி அழுத்தி ஒட்டியிருக்கே? புள்ளைங்க கை நோவும். லேசா ஒட்டு" என்று அதட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமா சிதம்பரத்தில் வாங்கிய முல்லைப்பூவைப் பிரித்துக் கையில் கொடுத்தார். பி.முட்லூர் தாண்டும்போது அக்கா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மரத்தைப் பிடித்துக்கொண்டு போன அந்தக் கை, இப்போது அக்காவின் தலை ஜன்னலில் இடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அக்காவின் பையிலிருந்த பசை டியூபை எடுத்து, அவர்கள் இருவரையும் அந்தச் சீட்டில் அப்படியே வைத்து ஒட்டிவிடலாமா என்று எனக்கு ஆசையாக இருந்தது.